சம்பந்தி வீட்டு ரீல்

ஜனவரி 9

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் நீங்களும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் குரல் ஏறிவிடுகிறது என்று உங்கள் பையனும் என் பெண்ணும் சேர்ந்து போட்ட சட்டத்தின்படி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். "வேலை விஷயத்தை எழுதிக்கோங்கம்மா, போன்ல காய்ச்சல் தலைவலி மட்டும் பேசுங்க" என்று உங்கள் மருமகள் எனக்கு உத்தரவு போடுகிறாள். பெற்றவளுக்கே இந்த மரியாதை. உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடத்தில் நன்றாகத் தேறிவிட்டாள்.

பார்சலைப் பிரித்திருப்பீர்கள். நீங்கள் கேட்ட ரீல் சீட், தூண்டில் கோலில் ரீலைத் தாங்குகிற கட்டை. வால்நட் மரம். நடுத்துளை உங்கள் தூண்டில் கோலின் அடிப்பாகம் நுழைகிற அளவு. மேலே நீளவாக்கில் பள்ளமாகக் காடி இழைத்திருக்கிறேன், அதில் ரீலின் கால் படுக்கும். ஒரு முனையில் நீங்கள் கொடுத்த பித்தளைத் தொப்பி, மறுமுனையில் வளையம். காலின் ஒரு நுனியைத் தொப்பிக்குள் செருகி, மறுநுனிமேல் வளையத்தைத் தள்ளினால் கவ்விக்கொள்ளும். இதையெல்லாம் உங்களுக்கே சொல்கிறேன், பாருங்கள். முதல் இரண்டு கட்டைகளில் துளை போடும்போது துரப்பணம் ரேகையோடு ஓடிப்போய் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துவிட்டது. அவை இப்போது என் அடுப்பங்கரை ஜன்னலுக்கு முட்டுக்கொடுக்கின்றன.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் கட்டில் காலும் மாடிப்படிக் கம்பமும் கடைகிறவள். மர டிப்போ முதலாளி வண்டியில் மரத்தைக் கொண்டுவந்து கொட்டுவார், கடைந்ததை எண்ணி அள்ளிக்கொண்டு போவார். கட்டில் காலை யார் கடைந்தது என்று உலகத்தில் ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. உங்கள் ஊர் ஆற்றங்கரை விடுதியின் மீன்பிடி வழிகாட்டிக்கு நீங்கள் செய்கிற இந்தக் கோல் நன்றாக அமைந்தால், அங்கே மற்றவர்களுக்கும் மரத்தில் சீட் வைத்தே செய்யலாம் என்றீர்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். ஆனால் சம்பந்தி என்கிற தயவில் வேண்டாம். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள். மென்று விழுங்க வேண்டாம்.

சம்பந்தியம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா

ஜனவரி 17

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் பார்சலும் கிடைக்கப்பெற்றேன். மரத்தின் நிறமும் எண்ணெய்ப் பூச்சும் கண்ணுக்கு அழகாக உள்ளன. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று என் வீட்டில் சொன்னார்கள்.

ஆனால் வளையம் ஏறவில்லை.

என் ரீலை வைத்துப் பார்த்தேன். காலின் முன்நுனி தொப்பிக்குள் போகிறது. பின்நுனி காடியில் படியாமல் எழுந்து நிற்கிறது. வளையத்தைத் தள்ளினால் பாதியில் நின்றுவிடுகிறது. அழுத்தித் தள்ளினால் ரீல் ஆடுகிறது. மூன்று நான்கு முறை பார்த்துவிட்டேன். தாங்கள் மென்று விழுங்க வேண்டாம் என்று எழுதியதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன், காடி சரியில்லை. கட்டில் காலில் ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால் கட்டில் கேட்காது. ரீல் கேட்கும்.

இதுவரை நான் கட்டிய கோல்களுக்கெல்லாம் கடையில் வாங்கிய உலோக சீட்தான். அதில் திருகு இருக்கிறது, இறுக்கினால் எதுவும் உட்காரும். மரத்தில் அந்தச் சலுகை இல்லை. தங்களுக்கு இது புதிது என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

கட்டையை இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். சீசன் திறப்பதற்குள் வழிகாட்டிக்குக் கோல் போய்ச் சேர வேண்டும்.

முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

ஜனவரி 26

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். "கட்டில் கேட்காது" என்று எழுதியிருந்தீர்கள். கட்டில் ஆடினால் அதில் படுப்பவன் கேட்பான், நான் அவனிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். போகட்டும்.

திரும்பி வந்த கட்டையை வெளிச்சத்தில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். காடி நேராக இருக்கிறது. நேர் பார்க்கிற பட்டைக்கோலை வைத்துப் பார்த்தால் அடியில் ஒரு மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. ஆனாலும் நீங்கள் ஏறவில்லை என்கிறீர்கள். பொய் சொல்ல மாட்டீர்கள். அதனால் புதிதாக ஒன்று கடைந்து, காடியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கி அனுப்பியிருக்கிறேன். மரமும் மாற்றிவிட்டேன், இது ரோஸ்வுட். இதைக் கடைந்தால் மூக்கெல்லாம் தூள் ஏறி நாள் முழுக்கத் தும்மல். "உங்க சம்பந்தி அங்க உக்காந்து உங்களத்தான் நெனச்சிட்டிருக்காரு போல" என்று டிப்போ முதலாளி கிண்டல் செய்தார்.

ஒரு வேண்டுகோள். உங்கள் ரீலை ஒரு வாரம் எனக்கு அனுப்பிவையுங்கள். கையில் வைத்துக்கொண்டு இழைத்தால் ஒரே நாளில் முடித்துவிடுவேன். அல்லது அந்த வழிகாட்டியின் ரீலையாவது வாங்கி அனுப்புங்கள், கோல் அவருக்குத்தானே. ஆளைப் பார்க்காமல் சட்டை தைக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது இது.

இப்படிக்கு,
மருமகளின் அம்மா

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இதுவும் ஏறவில்லை. இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன்.

இந்த முறை காடி ஆழமாக இருப்பதால் ரீல் இன்னும் அதிகமாக ஆடுகிறது. வளையம் ஏறுகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் கவ்வுகிறது. ஆற்றில் இறங்கிக் கோலை வீசினால் ரீல் கழன்று தண்ணீரில் விழும். விழுந்தால் வழிகாட்டி என்னைத்தான் தேடி வருவார், தங்களை அல்ல.

ரீலை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அது முடியாது. தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் வேலை கற்று முதன்முதலில் வாங்கிய ரீல் அது. எத்தனையோ வெள்ளத்தைப் பார்த்துவிட்டது, பாறையில் விழுந்து எழுந்திருக்கிறது, இன்றைக்கும் கடிகாரம் மாதிரி ஓடுகிறது. அதைப் பார்சலில் போட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "பொண்டாட்டியக்கூட பஸ்ஸுல தனியா அனுப்பிடுவாரு, அத அனுப்ப மாட்டாரு" என்று என் வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மைதான். என் சொந்தக் கோலில் அந்த ரீல் இத்தனை வருடமாகச் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, ஒரு நூல் அசைந்ததில்லை. ஆகவே ரீலில் குறை இல்லை.

வழிகாட்டியின் ரீல் அவர் கையில் இருக்கிறது, அவர் மேல் ஆற்றில் இருக்கிறார். சீசன் நெருங்கும்வரை கீழே இறங்க மாட்டார்.

ரீலின் காலை வெர்னியரில் அளந்து, நீளம், அகலம், இரு நுனிகளின் கனம் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி வைத்துள்ளேன். இந்த அளவுக்குச் செய்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பிப்ரவரி 12

சம்பந்தி அவர்களுக்கு,

மூன்றாவது கட்டை. நீங்கள் எழுதி அனுப்பிய அளவு எதுவோ அதே அளவு. நம்பிக்கை இல்லை என்றால் உங்கள் வெர்னியரை வைத்துப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கத் தெரியவில்லை. நீங்கள் எழுதுகிற எழுத்தைப் படித்தால் நான் ஏதோ கரண்டிக் காம்பு செதுக்குகிறவள் மாதிரி இருக்கிறது. நேற்று உங்கள் மருமகள் போன் செய்தாள். "அம்மா, இவரும் மாமா பக்கம்தான் பேசறாரு. 'உங்கம்மாவுக்கு கட்டில் கால்தான் சரி, இது நுணுக்கமான வேல'ன்னு சொல்றாரு. எனக்கு சாப்பாடே எறங்கல" என்றாள். மாப்பிள்ளை அப்படிச் சொன்னாரா என்று நான் கேட்கப் போவதில்லை, சண்டையைக் கிளப்பவும் போவதில்லை. ஆனால் ஒரு மரக்கட்டைக்காக என் பெண் உங்கள் வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைய வேண்டாம். வேலையைப் பற்றி என்ன சொல்வதானாலும் என்னிடம் சொல்லுங்கள்.

டிப்போவிலிருந்து ஒரு வண்டி மரம் வந்து வாசலில் கிடக்கிறது. அதைத் தொடாமல் இதைச் செய்திருக்கிறேன். முதலாளி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் பேசாமல் போனால்தான் எனக்குப் பயம்.

இப்படிக்கு,
மருமகளின் அம்மா

பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

என் பையன் அப்படிப் பேசியது தவறு. கண்டித்துவிட்டேன். தங்கள் மகள் எங்கள் வீட்டில் தலைகுனிந்து சாப்பிட வேண்டிய அவசியம் எந்நாளும் இல்லை.

வேலை விஷயம் வேறு. மூன்றாவதும் ஏறவில்லை.

அளவெல்லாம் நான் கொடுத்தபடியே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அளவு சரியாக இருந்தும் ரீல் உட்காரவில்லை என்றால் அளவில் வராத ஏதோ ஒன்று தங்கள் கையில் இல்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கோலில் நூல் சுற்றிக் கட்டுவதில் எனக்கு வருகிற கை, பக்கத்துக் கடைக்காரருக்கு வராது. அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தேன். வழிகாட்டியின் கோலுக்கு உலோக சீட்டையே போட்டுவிடுகிறேன். கோலை மெருகேற்றி முடித்துவிட்டேன், அடி மட்டும் மொட்டையாக அது சுவரில் சாய்ந்து நிற்கிறது. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் அதுதான் என் கண்ணில் படுகிறது. இனியும் தள்ளிப்போட முடியாது.

உறவில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்த மாதம் பெண்ணைப் பார்க்க அவசியம் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

மார்ச் 3

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உலோக சீட் போடுவதற்கு முன்னால் இந்த ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். இது ஏறும். ஏறாவிட்டால் நான் இனி ரீல் சீட் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன், கட்டில் காலோடு என் காலத்தை ஓட்டிக்கொள்கிறேன்.

ஒட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மருமகளின் அம்மா

மார்ச் 11

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஏறிவிட்டது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வளையம் ஏறிவிட்டது. ரீல் காடியில் படுத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கோலைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன், அசையவில்லை. என் வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன். "இத மொதல்லயே செஞ்சிருந்தா எல்லாரும் நிம்மதியா சாப்பிட்டிருப்போம்ல" என்றார்கள். மருமகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருப்பாள்.

தங்கள் கையைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் எந்த வேலையும் வந்துவிடும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் ஏறிய சூட்டிலேயே எபாக்ஸிப் பசையைக் குழைத்து ஒட்டிவிட்டேன். இனி அது கோலோடு பிறந்த மாதிரி. வழிகாட்டிக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வார். விடுதிக்கு வேண்டிய பத்துக் கோல்களுக்கும் இதே சீட்டைத் தாங்களே செய்ய வேண்டும். இதே காடி, இதே அளவு, ஒரு நூல்கூட மாறக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

மார்ச் 15

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. ஒட்டுவதற்கு முன்னால் எழுதுங்கள் என்று சொன்னேனே. எத்தனை கடிதத்தில் எத்தனை விஷயம் எழுதியிருக்கிறேன், அந்த ஒரு வரியை மட்டும் ஏன் விட்டீர்கள்.

வழிகாட்டியிடம் கோலைக் கொடுத்துவிடாதீர்கள். அவருடைய ரீலை வாங்கி, யாரும் இல்லாதபோது நீங்கள் மட்டும் முதலில் வைத்துப் பாருங்கள். விடுதியின் பத்துக்கு நான் இன்னும் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். காரணத்தை நேரில் வந்து சொல்கிறேன். கடிதத்தில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. சட்டம் கிட்டம் என்று பார்க்காமல் போன் போட்டேன். நீங்கள் விடுதிக்குப் போயிருப்பதாக உங்கள் வீட்டில் சொன்னார்கள்.

இப்படிக்கு,
மருமகளின் அம்மா

மார்ச் 17

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. வழிகாட்டி நேற்றே வந்துவிட்டார்.

தனியாக வரவில்லை. விடுதி மேனேஜரையும் கூட இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வந்தார், அவர்களுக்குத்தானே அடுத்த பத்தும். கோலைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பையிலிருந்து அவருடைய ரீலை எடுத்து வைத்தார். வளையம் ஏறவில்லை. நான் வாங்கி வைத்தேன். ரீல் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. கூட வந்தவர் தன் ரீலைக் கொடுத்தார், அதுவும் சாய்ந்தது. "என்னங்க இது, கோணலா இருக்கு" என்றார் மேனேஜர். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வழிகாட்டி கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "பரவால்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

காடி கோணல். பட்டைக்கோல் வைத்துப் பார்த்தேன், இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. கண் இருந்தும் பார்க்காமல் அதை ஒட்டிய நான் ஒரு மடையன். ஆனால் நீங்கள் தெரிந்துதான் செய்திருக்கிறீர்கள். தெரியாமல் செய்தவர் கொடுக்காதே என்று எழுத மாட்டார். என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள்? நேரில் வரும்வரை காத்திருக்க என்னால் முடியாது. எழுதுங்கள்.

மார்ச் 22

சம்பந்தி அவர்களுக்கு,

கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. இதற்காக என் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

மூன்றாவது கட்டையும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் நான் அவளிடம் போனில் அழுதேன். நான் அழுகிற ஆள் இல்லை, அவள் பயந்துவிட்டாள். நீங்கள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் துணி துவைக்கிற சோப்பை ஊறவைத்து, உங்கள் ரீலின் காலை அதில் அழுத்தி, அச்சு எடுத்து எனக்கு அனுப்பினாள். அனுப்பு என்று நான் சொல்லவில்லை, அனுப்பாதே என்றும் சொல்லவில்லை. ரீலைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாளாம். அன்றைக்கு "ரீலில் ஏதோ வாசனை வருகிறது" என்று நீங்கள் மோந்து பார்த்தீர்களாம்.

சோப்பில் பதிந்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் ரீலின் கால் முறுக்கிக்கொண்டிருக்கிறது. முன்நுனி ஒரு பக்கம், பின்நுனி ஒரு பக்கம். வெர்னியரில் நீளமும் அகலமும் கனமும் வரும், முறுக்கு வராது. பாறையில் விழுந்து எழுந்தது என்று பெருமையாக எழுதினீர்களே, அன்றைக்குத்தான் முறுக்கியிருக்க வேண்டும். உங்கள் சொந்தக் கோலில் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்றீர்கள். உட்காராமல் என்ன செய்யும். இத்தனை வருடமாகத் திருகி இறுக்கி இறுக்கி அந்த சீட்டும் காலுக்குத் தகுந்தபடி வளைந்து கொடுத்துவிட்டது. என் மூன்று கட்டையும் நேராக இருந்தன, சம்பந்தி. மூன்றும் நேராக இருந்தன.

அதை அன்றைக்கே எழுதியிருக்கலாம். எப்படி எழுதுவேன்? பெண்ணை உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு, உங்கள் ரீல் கோணல், அதை உங்களுக்குத் தெரியாமல் அவள் அச்சு எடுத்தாள் என்று எழுதவா? எழுதினால் நீங்கள் நம்பியிருப்பீர்களா, இல்லை கட்டில்கால்காரி சப்பைக்கட்டு கட்டுகிறாள் என்று பையனிடம் படித்துக் காட்டியிருப்பீர்களா? அதனால் கோணலுக்குக் கோணலாக ஒன்றை இழைத்தேன். ஒரே ஒரு தடவை உங்கள் வாயால் சரி என்று வரட்டும், ஒட்டுவதற்கு முன்னால் எழுதுவீர்கள், அப்போது உண்மையைச் சொல்லி நேரான கட்டையை அனுப்பலாம் என்று நினைத்தேன். நீங்கள் பசையைக் குழைத்துவிட்டீர்கள். அதை இழைக்கும்போது எனக்கு ஆத்திரம்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நேராகச் செய்ததற்கெல்லாம் ஏச்சு வாங்கினேன். வேண்டுமென்றே கோணலாகச் செய்ததற்கு "அன்புள்ள" என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு லேத்தை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான்கு பேர் முன்னிலையில் உங்களுக்கு அவமானம் நேர்ந்ததற்கு நான் காரணம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்த மூன்று கட்டைக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மருமகளின் அம்மா

ஏப்ரல் 10

சம்பந்தியம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

முதலில் மருமகள் விஷயம். அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே வந்து நின்றாள். "மாமா, நான்தான் செஞ்சேன், அம்மாவத் திட்டாதீங்க" என்றாள். "எந்த சோப்பும்மா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை. என் வீட்டில் சிரித்துவிட்டார்கள். என் பையன் மட்டும் இன்னும் உர்ரென்று இருக்கிறான். அவன் அம்மாவிடம் அவனுக்கு நல்ல பேச்சு கிடைத்தது.

உங்கள் கடிதத்தை நான் நம்பவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் ரீல் ஒன்று இரவல் வாங்கி, என்னிடம் மிச்சம் இருந்த உங்கள் மூன்றாவது கட்டையில் வைத்தேன். அதை நான் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தேன், ஏன் என்று எனக்கே தெரியாது. மரம் நன்றாக இருந்தது என்பதால் இருக்கலாம். வளையம் ஏறியது. வேறொரு ரீல் வாங்கி வந்தேன், அதுவும் ஏறியது. அப்புறம் என் ரீலைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நீங்கள் எழுதியது சரி. என்றைக்காவது பார்த்திருக்கலாம். எதற்காகப் பார்க்கப் போகிறேன், அது என்னுடையதாயிற்றே.

ஒட்டிய சீட்டைக் கோலிலிருந்து எடுத்துவிட்டேன். உளியால் சிறுகச் சிறுகச் செதுக்கினேன். மரம் அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தது, விட மாட்டேன் என்றது. கோலில் கீறல் விழவில்லை. ஆனால் வழிகாட்டி சீசனுக்கு வேறு ஆளிடம் கோல் வாங்கிவிட்டார். விடுதிப் பத்தை மேனேஜர் அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்கிறார். இரண்டு கோல் மட்டும் முதலில் செய்து காட்டச் சொன்னார்.

இன்னொன்று. ரீலின் காலை நிமிர்த்தலாம் என்று பிடியில் கவ்வவைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். உடைந்துவிட்டது. அதைப் பற்றி மேலே எழுத எனக்கு இஷ்டமில்லை. உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத ஆசைதான், இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. வரும்.

இனி வைத்துப் பார்க்க என்னிடம் ரீல் இல்லை. வைத்துப் பார்க்கிற அருகதையும் இல்லை. மேனேஜருக்கான இரண்டு சீட்டையும் நீங்களே செய்து அனுப்புங்கள். நான் பார்க்க மாட்டேன். பார்சலைப் பிரித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

ஏப்ரல் 19

சம்பந்தி அவர்களுக்கு,

ரீல் உடைந்தது கேட்டு நெஞ்சு கனத்தது. உங்களுக்கு என்மேல் வருத்தம் இருக்கட்டும், அவசரமில்லை.

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவேன் என்கிறீர்கள். இது என்ன நியாயம்? முதலில் கோணல் ரீலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினீர்கள், இப்போது ஒன்றையும் பார்க்காமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வேன் என்கிறீர்கள். இரண்டிலும் நான் செய்த வேலையை நீங்கள் பார்க்கவில்லை. டிப்போ முதலாளியும் அதைத்தான் செய்கிறார், பார்க்காமல் எண்ணி அள்ளிக்கொண்டு போகிறார். அதற்கு நான் உங்களிடம் எதற்கு வந்தேன்?

பார்சலில் இரண்டு சீட் இருக்கின்றன. கூடவே துணியில் சுற்றி ஒரு ரீலின் கால் வைத்திருக்கிறேன், கால் மட்டும்தான், ரீல் கிடையாது. பழைய சாமான் கடையில் பல்லெல்லாம் போன ரீல் ஒன்று கிடைத்தது, காலைக் கழற்றி இங்கே லேத்துப் பட்டறையில் கொடுத்து நேராக்கி வாங்கினேன். நேராக இருக்கிறதா என்று முதலில் உங்கள் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பாருங்கள், என் பேச்சை நம்ப வேண்டாம். பிறகு இரண்டு சீட்டிலும் அதை வைத்துப் பாருங்கள்.

இரண்டாவதில் தொப்பிப் பக்கம் எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. எங்கே என்று சொல்ல மாட்டேன். நீங்கள் கண்டுபிடித்தால் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ரீல் சீட் செய்கிறவள்